இடாப்பிலிருந்து வெட்டப்படும் பெயர்களுக்குப் பொறுப்பானவர் யார்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அரசாங்க அதிபர்களுக்கும், பிரதேச செயலாளர்களுக்கும், வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஒருங்கிணைப்புக் குழுக்களில் அமரும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

கரைச்சிப் பிரதேசத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பொன்றின் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் என்ற முறையிலும், அதற்கு முன்னர் நீண்ட காலம் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். பதினான்கு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில் பாடசாலையை விட்டு நின்றுவிடும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்று எந்த அலுவலகமும் பொறுப்பாக இல்லை. வரவு இடாப்பிலிருந்து அவர்களுடைய பெயர் வெட்டப்படுகிறது. அதன் பின்னர் வேறெந்தப் பதிவேட்டிலும் அந்தப் பெயர் ஏறுவதில்லை. அப்பொறுப்பை ஓர் அலுவலகத்திடமும், அந்த அலுவலகத்திலுள்ள ஓர் உத்தியோகத்தரிடமும் எழுத்து மூலம் ஒப்படையுங்கள் என்பதே தங்களிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள்.

வன்னியில் வாய்ப்புகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் சொன்னால் அது உண்மையாகாது. கிளிநொச்சியின் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. அதே அறிவியல்நகரில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார் வாகனம், மின்னியல், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் பயிற்சி அளிக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், பயிலுநர்களைத் தொழிலகங்களில் சேர்த்துவிடும் நைற்றாவும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும், தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. 2021 ஆவணியில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகவே தரமுயர்த்தப்பட்டது. தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தின்படி, மேசன் வேலையிலோ ஒட்டு வேலையிலோ (வெல்டிங்) தொடங்கும் ஒரு பிள்ளை ஐந்தாம், ஆறாம் மட்டங்களில் டிப்ளோமா பெற்று, ஏழாம் மட்டத்தில் பட்டம் வரை போகலாம். சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் சேரக்கூடிய பாடநெறிகள் உண்டு. சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் பாடசாலையிலேயே தொழிற்பாடங்களைத் தொடர வைக்கும் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டமும் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது எங்கள் குடியிருப்பிலிருந்து அந்தப் படியில் கால் வைத்தவர்கள் ஏன் இத்தனை சொற்பம் என்பதுதான் என் மனத்தைக் குடையும் கேள்வி.

இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி நாட்டின் வறுமைத் தலைவீதம், அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களின் நூற்றுவீதம், 4.1 ஆக இருந்தபோது கிளிநொச்சியில் அது 18.2 ஆகவும், முல்லைத்தீவில் 12.7 ஆகவும் இருந்தது; அப்போது இலங்கையிலேயே மிகக் கூடிய வீதம் கிளிநொச்சியினுடையதாக இருந்தது. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களில், 1977ஆம் ஆண்டு வன்செயல்களுக்கும் அதன் பின்னர் வந்தவற்றுக்கும் அஞ்சி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். கரையோரத்தில் கடற்றொழிற் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கும் பரவலாகப் பெண்கள் தனித்து நின்று நடத்தும் வீடுகள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், பின்னர் செட்டிகுளம் முகாம்களிலும் பிறந்த குழந்தைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் உயிர் தப்பிய அந்தப் பிள்ளைகளை, யுத்தம் முடிந்த பின்னர், ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்னால் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் குடியிருப்புப் பெண்பிள்ளை ஒருவரின் நிலையை எடுத்துக்கூற அனுமதியுங்கள். தாய் வைத்தியசாலையில் படுத்தபோது தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்தாம் ஆண்டில் பாடசாலையை விட்டு நின்றவர் அவர். அடுத்த ஆண்டு, முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் பயிற்சிநெறி ஒன்றைப் பற்றி அயலவர் மூலம் கேள்விப்பட்டுச் சேர விரும்பினார். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் என்று கேட்டிருந்தார்கள். அவரிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்களுக்கு அந்த அட்டைக்கான விண்ணப்பத்தைப் பாடசாலையே ஒழுங்கு செய்து அனுப்பிவிடும். இடையில் நின்ற பிள்ளைக்கு அந்த ஒழுங்கு கிடையாது, தானே கிராம அலுவலரிடம் போக வேண்டும். விடுகைப் பத்திரத்துக்குப் போனபோது, பெற்றோர் நேரில் வர வேண்டும் என்றும், செலுத்தாமல் விட்ட வசதிக் கட்டணத்தைத் தீர்க்க வேண்டும் என்றும் அவருடைய பழைய பாடசாலையில் சொல்லப்பட்டது. தாய் கச்சான் பிடுங்கும் நாட்கூலிக்குப் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர் போன அன்று அதிபர் வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பின்னர் எல்லாப் பத்திரங்களும் சேர்ந்து, தொடர்பாடல் நிலையத்தில் போட்டோப் பிரதியும் எடுத்துக்கொண்டு போனபோது விண்ணப்பத் திகதி முடிந்திருந்தது. அந்தப் பிள்ளை இப்போது நகரத்துப் புடைவைக் கடையொன்றில் காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை செய்கிறார்.

இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. ஒவ்வொருவரும் தத்தமது மேசையில் செய்ய வேண்டியதையே செய்தார்கள். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், இளைஞர் சேவை உத்தியோகத்தர் எனப் பலரும் ஏறத்தாழ ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மனச்சாட்சியோடு உழைப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் பத்தாம் ஆண்டில் நின்ற அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அந்த மாதமே யாராவது போயிருக்க வேண்டுமா, போயிருந்தால் அது யார் என்று கேட்டால், அவர்களில் எவராலும் தங்களுடைய கடமைப் பட்டியலில் ஒரு வரியைச் சுட்டிக்காட்ட இயலாது. கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டில் பதினாறாக உயர்த்தப்பட்டது. கிராம அலுவலர் பிரிவுகளுக்கெனப் பாடசாலை வரவுக் குழுக்கள் ஒழுங்குவிதிகளில் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை உண்மையில் கூடுகின்றனவா என்று தங்கள் அடுத்த கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள். கூடினாலும், பிள்ளை பதினாறைத் தாண்டியதும் அந்தக் குழுவின் வேலை முடிந்துவிடுகிறது. இழப்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

அறிவித்தல்கள் எங்களை வந்தடையும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிநெறிகளுக்கான விளம்பரம் பத்திரிகையில் வருகிறது, முகநூலில் வருகிறது, பிரதேச செயலக அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுகிறது. பத்திரிகை எங்கள் சனசமூக நிலையத்துக்கு வருகிறது. அதைப் படிக்க வருகிறவர்கள் என் வயதினர். அலுவலகப் பலகையைப் பார்ப்பவர்கள் ஏற்கனவே ஓர் அலுவலாக அலுவலகத்துக்குப் போகிறவர்கள். தொலைபேசி எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது என்பது சரிதான். ஆனால் அவர்கள் அதில் பார்க்கும் எதுவும் “உனக்காகத்தான் இது” என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில், உயர்தரத்துக்குத் தகுதி பெறாத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலுக்கும் ஒருவர் போய், அந்தப் பிரதேசத்தில் அடுத்து ஆரம்பிக்கவுள்ள பயிற்சிநெறிகளின் விபரத்தைத் தாயும் கேட்க எடுத்துச் சொல்ல வேண்டும். பெறுபேற்றின் வெட்கம் வீட்டுக்குள் கனத்திருக்கும் அந்த ஓரிரு வாரங்களில்தான், மகனைக் கட்டட வேலைக்கு அனுப்புவதா, மகளுக்குச் சம்பந்தம் பார்ப்பதா என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மூன்று மாதம் கழித்து நடத்தப்படும் தொழில்வழிகாட்டற் கருத்தரங்குக்கு அந்தப் பிள்ளை வரமாட்டாது. அது அப்போது கொங்கிறீற் குழைத்துக்கொண்டிருக்கும்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பயிற்சி இலவசம் என்று சொல்லப்படும்போது, கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பது மட்டுமே கருத்தில் கொள்ளப்படுகிறது. கொக்கிளாயிலிருக்கும் ஒரு பிள்ளை அறிவியல்நகருக்கு வர வேண்டுமானால், முல்லைத்தீவு நகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏ-35 வீதியால் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு இன்னொரு பஸ், பின்னர் அறிவியல்நகருக்கு மூன்றாவது பஸ் என்று ஏறி இறங்க வேண்டும். பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, சப்பாத்து, சீருடை என்பன ஒருபுறமிருக்க, அந்தப் பிள்ளை உழைத்துக்கொண்டு வந்திருக்கக்கூடிய நாட்கூலியையும் வீடு இழக்கிறது. நுண்கடன் தவணைக்காரர் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் ஆறு மாதம் பொறுத்திருக்கும்படி சொல்வது இலகுவான காரியமல்ல. எனவே பயிற்சிக் காலத்துக்கான ஒரு கொடுப்பனவு, பயணச் செலவு, தூர இடத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி ஆகிய மூன்றும் பயிற்சியின் பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை விடுதியின் பாதுகாப்பைப் பெற்றோர் நேரில் வந்து பார்த்துத் திருப்தியடைய ஒரு நாள் ஒதுக்குங்கள். பொறுப்பான விடுதிக் காப்பாளரின் முகத்தைப் பார்த்த பின்னர், “விடமாட்டேன்” என்று நின்ற தாய் மனம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, ஏற்கனவே தொழில் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி. எங்கள் வீதி முனையில் மோட்டார் சைக்கிள் கராச் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்யும் இளைஞனுக்குப் பத்தொன்பது வயது. பதினைந்து வயதில் ரயருக்குக் காற்றடிக்கப் போனவன். இன்று இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே வால்விலா, ரிங்கிலா, டைமிங் செயினிலா பழுது என்று சொல்லிவிடுகிறான். கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பழைய தகரத் தட்டில் வரிசையாக வைத்து, அதே ஒழுங்கில் திரும்பப் பூட்டுவான். எவரும் கற்றுக்கொடுக்காமல் தானே கண்டுகொண்ட ஒழுங்கு அது. அவனுடைய முதலாளி நல்லவர், ஆனாலும் அவன் வாங்குவது உதவியாளனின் கூலி. வெளிநாட்டுக்குப் போகவோ, நகரத்திலுள்ள முகவர் நிறுவனத்தின் வேலைத்தளத்தில் சேரவோ, கடன் பெற்றுத் தனக்கென ஒரு கராச் போடவோ கையில் எந்தத் தாளும் இல்லை.

அவனை மீண்டும் வகுப்பறையில் உட்கார வைக்க வேண்டிய தேவை இல்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற நடைமுறை தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்திலேயே இருக்கிறது. அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் ஒருவரின் முன்னிலையில் செய்முறையில் தேறினால் அவனுக்குச் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் பகுதியில் மேசன் வேலை, தச்சு, வயரிங், தையல், ஒட்டு வேலை என்று ஆண்டுக்கணக்கில் செய்துவரும் இளைஞர்களில் பெரும்பாலானோருக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்கும் அடையாள அட்டைக்கும் தாங்கள் நடத்திவரும் நடமாடும் சேவைகளால் பயன்பெற்ற குடும்பங்கள் ஏராளம். அதே நடமாடும் சேவையில் இந்த அங்கீகாரத்துக்கும் ஒரு மேசையைப் போடுங்கள். விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுங்கள். முதலாளிமாரிடமிருந்து பெற வேண்டிய கடிதத்தின் மாதிரியைக் கையில் கொடுங்கள். மதிப்பீட்டைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வைக்காமல், பிரதேசத்துக்குள்ளேயே, ஒரு கராச்சிலோ கட்டட வேலைத்தளத்திலோ வைக்க ஒழுங்கு செய்யுங்கள். புதிய கட்டடம் எதையும் கோராத இந்த ஒரு நடவடிக்கையால் அடுத்த ஆண்டுக்குள் பலருடைய கூலி உயரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான் தொடக்கத்தில் கேட்ட பொறுப்பு நடைமுறையில் எப்படி அமையலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் பதினைந்து முதல் இருபத்துநான்கு வயது வரையுள்ள, கல்வியிலோ பயிற்சியிலோ நிரந்தரத் தொழிலிலோ இல்லாதவர்களின் பதிவேடு ஒன்று பேணப்பட வேண்டும். இதற்கெனப் புதிதாக ஒரு கணக்கெடுப்பு வேண்டியதில்லை. கிராம அலுவலரிடம் குடும்ப விபரங்கள் இருக்கின்றன; 2023இல் ஆரம்பமான அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்துக்காக வறிய குடும்பங்களின் விபரம் வீடு வீடாகத் திரட்டப்பட்டிருக்கிறது; எந்தப் பிள்ளை எப்போது நின்றது என்பது பாடசாலைக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண்கள்தான் இல்லை. பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்று தெரிந்தவுடன் அதிபர் அதை அந்த மாதமே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பெற்றோரை அலைக்கழிக்காமல், கட்டண நிலுவையைக் காரணம் காட்டாமல், விடுகைப் பத்திரம் வழங்கப்பட வேண்டும். பொறுப்பான உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை மீண்டும் பாடசாலைக்குப் போக இயலுமா, இயலாதெனில் எந்தப் பயிற்சி, எந்தப் பத்திரம் குறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, சேரும் நாள்வரை கூட நிற்க வேண்டும். சேர்ந்த பின்னரும் முதல் மூன்று மாதங்கள் தொடர்பு விடுபடக்கூடாது. முதன்முதலாகத் தன் குடியிருப்பை விட்டு வெளியே போகும் பிள்ளைகள், அங்கே யாராவது முகத்தைச் சுளித்த ஒரு சிறு காரணத்துக்காகவே திரும்பி வந்துவிடுகிறார்கள்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் வீதி, குளம், வாய்க்கால், யானைவேலி என்பன நிரலில் நிரந்தரமாக இடம்பெறுகின்றன. அவை இடம்பெறத்தான் வேண்டும். அதே நிரலில், கடந்த கூட்டத்தின் பின்னர் பாடசாலையை விட்டு நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருடைய வீட்டுக்குப் போயிருக்கிறோம், எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேருங்கள். அந்தப் பதிவேட்டிலுள்ள பெயர்கள் எந்தக் கூட்டத்திலும் வாசிக்கப்படக்கூடாது, எண்ணிக்கை போதும். பதிவேடு பொலிஸ் நிலையத்துக்குப் போகாது என்ற உறுதிமொழியும் எழுத்தில் வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெயர் விபரம் திரட்டுவது என்றாலே எங்கள் சனங்களுக்குள் இன்னமும் ஓர் அச்சம் இருக்கிறது; யுத்த காலத்திலும் அதன் பின்னரும் பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பதை அவர்கள் மறக்கவில்லை. தகவல் தரும் தாயிடம் அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்பதை உத்தியோகத்தர் முதலிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.

போதைப்பொருள் பற்றித் தங்கள் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுவதை அறிவேன். கசிப்பும், கஞ்சாவும், ஐசும், மாத்திரைகளும் எங்கள் பிள்ளைகளைத் தின்கின்றன என்பது உண்மை. விற்பவர்கள் பிடிபட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் பாடசாலையை விட்டு நின்ற ஒரு பிள்ளையைத் தேடி அவனுடைய வீட்டுக்கு வரும் முதலாவது அரச வாகனம் பொலிஸ் வாகனமாக இருக்கும் நிலை மாற வேண்டும். அந்த இடைவெளியில், வேலை தருகிறேன் என்று வருகிறவர்களில் மணல் ஏற்றுகிறவரும் பொட்டலம் கைமாற்றுகிறவரும் முன்னால் நிற்கிறார்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் புலம்பெயர்ந்த எமது உறவுகளுக்கும் இம்மடலின் ஊடாக ஒரு வார்த்தை. ஒன்பது ஏ எடுத்தவருக்கும், மூன்று ஏ எடுத்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறவருக்கும் தாங்கள் தரும் ஊக்கம் பெறுமதியானது. அதே மனத்தோடு, ஒரு வருடப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் பஸ் காசும் மத்தியானச் சோறும் தரும் சிறிய நிதியொன்றைத் தங்கள் ஊர்களில் தொடங்குங்கள். மேடையும் மாலையும் இல்லாத உதவி அது. அரசாங்கம் செய்ய வேண்டியதை அதனால் அரசாங்கம் செய்யாமல் விட்டுவிடலாகாது. ஆனால் கொடுப்பனவு ஒழுங்காகும் வரை பிள்ளையின் வயது நிற்காது.

எமது சங்கத்தால் இயன்றதையும் இங்கே பதிவு செய்கிறேன். சனசமூக நிலைய மண்டபம், மேசை, கதிரைகள் ஆகியவற்றை மேற்சொன்ன நடமாடும் சேவைக்குத் தருவோம். எங்கள் குடியிருப்பில் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளின் பெற்றோரோடு முன்கூட்டியே பேசி, அவர்களின் சம்மதத்தோடு அழைத்து வருவோம். விண்ணப்பம் நிரப்ப, உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் முன்வந்திருக்கிறார்கள். தாங்கள் அனுப்பும் உத்தியோகத்தருடன் வீடு வீடாக வர நானும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிரலில் இவ்விடயத்தைச் சேர்த்து, பொறுப்பேற்கும் உத்தியோகத்தர் யார் என்பதை எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
கிராம அபிவிருத்திச் சங்கம்,
கரைச்சி, கிளிநொச்சி.